பேரன் கையில் குலமுறை

ஆடி அமாவாசையன்று சுருளித் தீர்த்தத்தில் விடியும் முன்பே கூட்டம் சேர்ந்துவிடுகிறது. கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், போடி, தேனி எனப் பள்ளத்தாக்கின் பல ஊர்களிலிருந்தும் வரும் குடும்பங்கள் நீராடி, ஈர வேட்டியுடன் அமர்ந்து, முன்னோர்க்கு எள்ளும் நீரும் விடுகின்றன. தை அமாவாசையிலும் இதே காட்சியைக் காணலாம். சங்கல்பம் தொடங்கியதும் கோத்திரம் கேட்கப்படுகிறது. தெரியாதவர்க்குச் சிவ கோத்திரம் என்று சொல்லி நடத்திவிடுவது உண்டு. அடுத்துப் பெயர்கள். தகப்பனார் பெயர் தடையின்றி வருகிறது. பாட்டனார் பெயரும் வந்துவிடுகிறது. பாட்டனாரின் தகப்பனார் யார் என்றதும் பலரும் அருகில் நிற்கும் பெரியவரைத் திரும்பிப் பார்க்கிறார்கள். அவருடைய மனைவியின் பெயர் என்ன என்று கேட்டால், அந்தப் பெரியவரும் யோசிக்கத் தொடங்குகிறார்.

தர்ப்பணத்தில் பெயர் சொல்லி நினைக்கப்படுவோர் 12 பேர். தந்தை, பாட்டனார், பூட்டனார் என மூவர். அவர்களுடைய தேவியர் மூவர். தாயைப் பெற்ற தாத்தா, அவருடைய தந்தை, பாட்டனார் என மூவர். அவர்களுடைய தேவியர் மூவர். மூன்று தலைமுறையினரும் முறையே வசுக்களாகவும் ருத்திரர்களாகவும் ஆதித்தியர்களாகவும் பாவிக்கப்படுகின்றனர். இந்த 12 பேரில் 6 பேர் பெண்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். சாஸ்திரம் பாதி இடத்தைப் பெண்களுக்குக் கொடுத்திருக்கிறது. குடும்பங்களின் நினைவிலிருந்து முதலில் நழுவிப் போவதோ அந்தப் பெண்களின் பெயர்கள்தாம்.

பெயர் அறியாதவர்க்கும், நீர் விட ஆளில்லாதவர்க்கும் சேர்த்து நீர் விடும் பகுதி தர்ப்பணத்தின் முடிவில் உண்டு. ஆதலால் பெயர் தெரியவில்லையென்று எவரும் அஞ்ச வேண்டுவதில்லை. ஆயினும், சொல்லத் தெரிந்த பெரியவர் வீட்டிலேயே இருக்க, கேட்டுக்கொள்ளாமல் விட்ட பெயரும் அந்தப் பொதுக் கணக்கில் போய்ச் சேர்வது வருந்தத்தக்கது.

இது எப்படி நேர்கிறது? நாள்தோறும் வழங்கும் உறவுச் சொல்லே பெயரை மறைத்துவிடுகிறது. தந்தையைப் பெற்றவள் அப்பத்தா. தாயைப் பெற்றவள் அம்மாச்சி. குழந்தைக்கு அதற்கு மேல் தேவைப்படுவதில்லை. கணவர் பெயரைச் சொல்லாத வழக்கம் உடைய மூதாட்டியர் வீட்டில் தாத்தாவின் பெயரும் காதில் விழாது. பிறப்பு இறப்புப் பதிவை நாடெங்கும் கட்டாயமாக்கிய சட்டம் வந்ததே 1969ஆம் ஆண்டில்தான். அதற்கு முன் பிறந்து, பள்ளிக்கும் போகாமல், நிலத்துக்கும் உரிமை இல்லாமல் வாழ்ந்து மறைந்த பெண்மணிகள் பலருடைய பெயர் எந்தத் தாளிலும் இல்லை. எழுபதைக் கடந்த ஒருவரின் நினைவில் மட்டுமே அப்பெயர் உயிரோடிருக்கிறது. அவருக்குப் பின் அதுவும் இல்லை.

பெயரன் என்னும் சொல்

பேரன் என்ற சொல் ‘பெயரன்’ என்பதன் மரூஉ. பாட்டனின் பெயரைத் தாங்குகிறவன் பெயரன். பாட்டியின் பெயரைத் தாங்குகிறவள் பெயர்த்தி. தலைப்பிள்ளைக்குத் தாத்தாவின் பெயரையோ குலதெய்வத்தின் பெயரையோ இடுவது தேனிப் பகுதியில் இன்றும் வழக்கில் உள்ளது. பதிவேட்டில் புதுமையான பெயர் ஒன்று இருந்தாலும், வீட்டில் அழைக்க முன்னோர் பெயர் ஒன்று தனியே இருப்பதுண்டு. அந்தப் பெயர் யாருடையது என்று குழந்தைக்குச் சொல்லாதவரை அது வெறும் செல்லப் பெயர்தான்.

குலமுறை சொல்லுதல் நம் மரபில் மங்கலமான செயல். வால்மீகி ராமாயணத்தில் சீதா கல்யாணத்துக்கு முன், வசிட்டர் ஜனகர் சபையில் இட்சுவாகு குலத்தின் பெயர்களை வரிசையாக உரைக்கிறார். அடுத்து ஜனகர் எழுந்து தம் குலவரிசையைத் தாமே உரைக்கிறார். கம்பர் இதற்கெனவே குலமுறை கிளத்து படலம் என ஒரு படலம் வைத்து, விசுவாமித்திரர் வாயிலாகச் சொல்ல வைத்தார். சம்பந்தம் செய்துகொள்ளும் இரு வீட்டாரும் ஒருவர் முன்னோரை மற்றவர் அறிந்துகொள்வது அன்றைய முறை. இன்றைய திருமண மேடையில் பிரவரம் சொல்லும் வழக்கமுள்ள வீடுகளில், மூன்று தலைமுறைப் பெயர்கள் ஒலிப்பது அதன் தொடர்ச்சியே. நாதஸ்வர ஓசையில் அதை யாரும் கேட்பதில்லை.

கம்பம் பள்ளத்தாக்குக்கு இவ்வகையில் ஒரு தனிப் பெருமை உண்டு. பாண்டியர் குலமுறையை அறிய வரலாற்றாசிரியர் நாடும் முதன்மையான ஆதாரங்களுள் ஒன்று சின்னமனூர்ச் செப்பேடுகள். பழைய கல்வெட்டுகளில் அரிகேசரிநல்லூர் என்று வழங்கிய ஊர் சின்னமனூர். ஊர்ப்பெயரே ஒரு பாண்டிய முன்னோரின் பெயர். பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட இரண்டாம் இராசசிம்ம பாண்டியன் காலத்துப் பெரிய செப்பேட்டில் வடமொழிப் பகுதி கிரந்த எழுத்திலும், தமிழ்ப் பகுதி வட்டெழுத்திலும் உள்ளன. மகாபாரதத்தைத் தமிழ்ப்படுத்தியதும் மதுரையில் சங்கம் வைத்ததுமான முன்னோர் புகழைச் சொல்லி, பிறகு அரசர் வரிசைக்கு அது வருகிறது. சீமாற சீவல்லபனுக்கு வரகுணன், பராந்தக வீரநாராயணன் என இரு மைந்தர். இளையவரான வீரநாராயணனுக்கும் வானவன் மாதேவிக்கும் மகன் இராசசிம்மன். தந்தையின் பெயரோடு தாயின் பெயரையும் அந்தச் செப்பேடு காத்து வைத்திருக்கிறது. ஆயிரம் ஆண்டுக்கு மேல் கடந்தும் அப்பெண்மணி யார் என்று நமக்குத் தெரிகிறது. எழுதி வைத்ததன் பயன் அதுவே.

அரசருக்குச் செப்பேடு இருந்தது. நம் வீட்டுக்கு அட்டையும் நூலும் போதும். எழுதப் பேரனும் பேத்தியும் இருக்கிறார்கள். விடுமுறைக்கு வரும் குழந்தைகளைக் கைப்பேசியிலிருந்து சற்றுப் பிரித்து, கைவேலையாக இதைச் செய்விக்கலாம். வெறுமனே சொன்ன பெயர் குழந்தைக்கு மறந்துபோகும். வெட்டி, ஒட்டி, வண்ணம் தீட்டிய பெயர் நிற்கும். வயதுக்கேற்ப நான்கு வேலைகள் இங்கே தரப்படுகின்றன.

இறைவன் குடும்பம்

நான்கு, ஐந்து வயதுக் குழந்தைக்கு முதலில் சொல்ல வேண்டியது தெய்வக் குடும்பம். ஓர் அட்டையில் சிவபெருமானுக்கும் உமையம்மைக்கும் பக்கம்பக்கமாக இரு வட்டங்கள். கீழே விநாயகருக்கும் முருகனுக்கும் இரு வட்டங்கள். சுவாமி படத்தை வெட்டக் கூசுவோர் திரிசூலம், தாமரை, மோதகம், வேல் என அடையாளங்களை வரையச் செய்யலாம். பிறகு அம்மையின் அருகில் இன்னொரு வட்டம் இட்டு, சங்கு சக்கரம் வரைந்து, “இவர் அம்மனுக்கு அண்ணன். அப்படியானால் முருகனுக்கு என்ன முறை?” என்று கேட்க வேண்டும். மாமன் என்ற விடை வந்ததும், முருகனை மால்மருகன் என்று அழைப்பதன் பொருள் குழந்தைக்கு விளங்கிவிடும். அடுத்து அது கேட்கும் கேள்வி, “எனக்கு மாமா யார்?” என்பதாகத்தான் இருக்கும். காது குத்தியபோது யார் மடியில் உட்கார்ந்திருந்தது என்பதை அப்போது நினைவூட்டலாம். அங்கிள் என்ற ஒரே சொல்லுக்குள் பெரியப்பா, சித்தப்பா, மாமா மூவரையும் அடைத்துவிட்ட காலத்தில் இந்தப் பாடம் மிகவும் தேவை.

பாத்திரத்தில் உள்ள பெயர்

ஆறு, ஏழு வயதில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கும் குழந்தைக்குப் பெயர் தேடும் வேலையைக் கொடுக்கலாம். பரணிலிருந்து பழைய பித்தளை, வெண்கலப் பாத்திரங்களை இறக்கிப் பார்த்தால், சீர்வரிசையாக வந்தவற்றில் பெண்ணின் பெயரோ கொடுத்தவர் பெயரோ புள்ளி புள்ளியாகப் பொறிக்கப்பட்டிருக்கும். சிலவற்றில் ஆண்டும் இருக்கும். அந்த இடத்தில் மெல்லிய வெள்ளைத் தாளை அழுத்திப் பிடித்து, பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தால், கருமைக்கு நடுவே எழுத்து வெண்மையாகத் தெரியும். கல்வெட்டாய்வாளர் கல்லின்மீது ஈரத்தாளை ஒற்றி மையிட்டுப் படியெடுப்பதும் ஏறக்குறைய இவ்வகையே. கொள்ளுப்பாட்டியின் பெயர் தன் கைக்குக் கீழே எழுந்து வருவதைக் காணும் குழந்தை அதை மறக்காது. எந்தத் தாளிலும் இல்லாத பெண்பெயர் பாத்திரத்தில் அகப்படுவதும் உண்டு.

மேலும் பெயர் தேட வேண்டிய இடங்கள் பழைய கல்யாணப் பத்திரிகை, மொய் நோட்டு, நிலப்பத்திரம், பட்டா, கோயிலில் உபயம் என்று எழுதிய விளக்கு ஆகியன. கல்யாணப் பத்திரிகையின் உச்சியில் குலதெய்வம் துணை என்று அச்சிட்டிருக்கும். அதையும் குழந்தையே குறித்துக்கொள்ளட்டும். பத்திரிகையை வெட்டிவிடாமல் பெயர்களை மட்டும் எழுதியெடுப்பது நல்லது.

வாழையும் பந்தலும்

எட்டு வயதுக் குழந்தைக்குக் குலம் என்ற வளர்ச்சியைக் காட்ட வாழையைவிடச் சிறந்தது இல்லை. சின்னமனூர்ப் பக்கம் வாழைத்தோட்டம் காணாத குழந்தை இராது. சென்னையிலிருந்து வரும் பேரனுக்கும் காட்டிவிடலாம். குலை தள்ளிய வாழை சாய்கிறது. அதன் அடியில் கன்று எழுகிறது. வாழைமட்டையைக் குறுக்கே வெட்டி, மஞ்சள் கரைசலில் தோய்த்துத் தாளில் ஒற்றினால், கண்ணறை கண்ணறையாக அழகிய அச்சு விழும். ஒவ்வொரு அச்சும் ஒருவர். கீழே பூட்டன், அதற்கு மேல் பாட்டனும் உடன்பிறந்தாரும், அதற்கு மேல் தந்தையும் உடன்பிறந்தாரும், உச்சியில் குழந்தைகள். வீட்டுப் பெண்மக்களையும் கட்டாயம் ஒற்ற வேண்டும். வாழைக்கன்றைப் பெயர்த்து வேறு தோட்டத்தில் நட்டால் அங்கே அது தாய்வாழை ஆகிறது. கட்டிக்கொடுத்த பெண்ணும் அப்படியே. அவளுடைய அச்சிலிருந்து வாழைநார் ஒன்றை ஒட்டி, புகுந்த வீட்டின் ஊர்ப்பெயரை முனையில் எழுதலாம்.

ஆனால் உறவுகள் அனைத்தையும் வாழை காட்டாது. நம் பக்கத்தில் அத்தை மகளையும் மாமன் மகளையும் மணப்பது நெடுநாள் வழக்கம். கடைகளில் விற்கும் மரப்படத்தில் கிளைகள் பிரிந்துகொண்டே போகுமேயன்றி, மீண்டும் சேர்வதில்லை. தந்தை தம் அத்தை மகளை மணந்திருந்தால், குழந்தையின் அப்பா வழித் தாத்தாவும் அம்மா வழி ஆச்சியும் உடன்பிறந்தவர்கள் ஆவர். அப்போது 8 ஆக இருக்க வேண்டிய கொள்ளுத்தாத்தா, கொள்ளுப்பாட்டிகள் 6 பேராகக் குறைவார்கள். மரம் வரையும் குழந்தை இங்கே குழம்பும். அதற்குத் திராட்சைப் பந்தல் உதவுகிறது. கம்பம் பன்னீர் திராட்சை 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. கம்பம், காமயகவுண்டன்பட்டி, சுருளிப்பட்டிப் பக்கங்களில் அந்தப் பந்தல்களைக் காணலாம். அங்கே கொடிகள் பிரிந்து போய் மீண்டும் பின்னிக்கொள்ளும். பெயர் எழுதிய சிறு வட்டங்களை அட்டையில் ஒட்டி, பங்காளிகளை மஞ்சள் நூலாலும் மாமன் மச்சான் முறையினரைச் சிவப்பு நூலாலும் இணைத்தால், இரு நிற நூலும் ஒரே வட்டத்தில் வந்து சேரும் இடங்களைக் குழந்தையே கண்டுபிடித்துச் சொல்லும்.

பங்காளி யார் என்பதை விளக்கக் குலதெய்வக் கோயில் போதும். மகா சிவராத்திரியில் ஒரே சந்நிதியில் கூடிப் பொங்கலிடுவோர் பங்காளிகள் என்று சொன்னால் குழந்தை புரிந்துகொள்ளும். தேவதானப்பட்டி மூங்கிலணைக் காமாட்சியம்மன் கோயிலில் பூசை நடப்பது மூடிய கதவுக்கு. கதவுக்கு அப்பால் இருக்கும் அன்னையைக் கண்ணால் கண்டவர் இல்லை. எனினும் அவளைக் குலதெய்வமாகக் கொண்ட குடும்பங்கள் எங்கெங்கிருந்தோ வந்து கும்பிட்டுப் போகின்றன. பாட்டனும் பூட்டனும் இவ்வாசலில் நின்றார்கள் என்ற அறிவே அவர்களை அழைத்து வருகிறது. அந்த அறிவு அறுந்தால் அடுத்த தலைமுறைக்கு வழி தெரியாது. குலதெய்வம் எது என்று அறியாமல் சோதிடரிடம் கேட்டு அலையும் குடும்பங்களை வாசக அன்பர்கள் பார்த்திருப்பார்கள்.

அட்டைச் செப்பேடு

பத்து வயதை எட்டிய குழந்தைக்கு ஏடு செய்யும் வேலை. கெட்டி அட்டையைச் சமமான 14 துண்டுகளாக வெட்டி, செம்பு நிறம் பூசி, ஓரத்தில் துளையிட வேண்டும். குழந்தைக்குப் பெற்றோர் இருவர், தாத்தா பாட்டிமார் நால்வர், அவர்களைப் பெற்றோர் எண்மர்; ஆகமொத்தம் 14. ஓர் ஏட்டுக்கு ஒருவர். பெயர், பிறந்த ஊர், செய்த தொழில், குலதெய்வம், மறைந்த மாதமும் திதியும் தெரிந்தால் அதுவும். கடைசியாக அவரைப் பற்றி ஒரே ஒரு செய்தி: ஏலக்காய் மூட்டையுடன் போடிமலை இறங்கி வந்தவர், வீரபாண்டி கௌமாரியம்மனுக்கு ஆண்டுதோறும் தீச்சட்டி எடுத்தவர், பிரசவம் பார்ப்பதில் கைராசி உள்ளவர் என்பது போல. அந்த ஒரு வரி இருந்தால்தான் பெயருக்கு முகம் கிடைக்கிறது. ஏடுகளை அடுக்கிக் கயிற்றில் கோத்தால் வீட்டின் செப்பேடு ஆயத்தம். உறவு மணம் நடந்த குடும்பத்தில் ஒரே ஏடு இரண்டு இடத்துக்கும் உரியதாகும். அதையும் எழுதிவிட வேண்டும்.

இதில் ஒரு நன்மை உள்ளடங்கியிருக்கிறது. 14இல் பாதி சம்பந்தி வீட்டாருக்கு உரியவை. அவற்றை நிரப்ப அவர்களைத்தான் கேட்க வேண்டும். கல்யாணத்தின்போது சீரிலும் சாப்பாட்டிலும் ஏற்பட்ட மனத்தாங்கலால் பேச்சு நின்றுபோன சம்பந்திகளும், பேத்தி கைப்பேசியில் அழைத்து, “உங்கள் அம்மா பெயர் என்ன தாத்தா?” என்று கேட்டால் பதில் சொல்லாமல் இருக்க முடியாது.

சில ஐயங்கள்

உயிரோடு இருப்பவர் பெயரையும் மறைந்தவர் பெயரையும் ஒரே இடத்தில் எழுதலாமா என்று சிலர் தயங்குவர். இது பூசையறையில் வைத்து வணங்கும் படம் அன்று. கூடத்தில் வைத்துக் குழந்தை படிக்கும் ஏடு. ஆளும் அரசன் பெயரும் அவன் முன்னோர் பெயர்களும் சேர்ந்தே செப்பேட்டில் இருக்கின்றன. மனம் ஒப்பாதவர்கள் மறைந்தோர் ஏட்டில் துளசி இலை ஒன்றை வரைந்து வேறுபடுத்தலாம்.

மணமாகாமல் இளமையில் மறைந்த பெண்ணைக் கன்னித்தெய்வமாக நினைத்து, பெட்டியில் புதுப்பாவாடை வைத்துக் கும்பிடும் வீடுகள் தென்மாவட்டங்களில் பல. அந்தப் பெண்ணுக்கு வாழைத்தாளில் ஓர் அச்சு உண்டு. பிறந்து சில நாளில் மறைந்த குழந்தைக்கு ஒரு மொட்டு உண்டு. சுவீகாரம் வந்த பிள்ளைக்கு மற்றவருக்கு உள்ள அதே நிறம், அதே இடம். கோபித்துக்கொண்டு பிரிந்து போனவர், வீட்டார் விருப்பத்துக்கு மாறாக மணந்தவர், மணமுறிவு பெற்றவர் ஆகியோரின் பெயரை விட்டுவிடலாமா என்ற எண்ணம் வரும். விடக்கூடாது. பெரியவர்களின் வழக்கைக் குழந்தையின் ஏட்டில் தீர்க்க வேண்டியதில்லை. ஊரும் பெயரும் எழுதினால் போதும். காரணம் கேட்டால், “நீ பெரியவனானதும் சொல்கிறேன்” என்று சொல்லலாம். வாரிசுச் சான்றிதழுக்கும் பட்டா மாறுதலுக்கும் அலைகிறவர்களைக் கேட்டால், விடுபட்ட ஒரு பெயர் பின்னாளில் எத்தனை சிக்கல் தரும் என்று சொல்வார்கள்.

ஹரித்துவாரில் பண்டாக்கள் யாத்திரை வரும் குடும்பங்களின் பெயர்களைத் தலைமுறை தலைமுறையாகப் பேரேடுகளில் எழுதிக் காத்து வருகிறார்கள். ஊர்ப்பெயரும் குலமும் சொன்னால், என்றோ அங்கே வந்து போன பாட்டனின் பெயரை எடுத்துக் காட்டுவார்கள். சுருளியில் நமக்கு அப்படிப் பேரேடு வைத்திருப்போர் இல்லை. நம் பேரேடு வீட்டுப் பெரியவர்களின் நெஞ்சில் இருக்கிறது. அதனால்தான் தாமதிக்கக் கூடாது என்று சொல்ல வேண்டியிருக்கிறது.

தொடங்குவதற்கு உகந்த காலம் மகாளய பட்சம். பௌர்ணமிக்கு மறுநாள் பிரதமையில் தொடங்கி அமாவாசை முடிய 15 திதிகள். ஏடுகளோ 14. நாள்தோறும் மாலையில் விளக்கேற்றிய பின் ஒரு பெயரைச் சொல்லி, அவரைப் பற்றிய ஒரு செய்தியைச் சொல்லி, ஓர் ஏட்டைக் குழந்தையைக்கொண்டு எழுதுவிக்கலாம். வெளியூரில் இருக்கும் பேரப்பிள்ளைகளுக்குக் கைப்பேசியில் சொல்லி, அங்கேயே எழுதச் செய்யலாம். முதல் நாள் அம்மா வழிக் கொள்ளுப்பாட்டியிடமிருந்து தொடங்குவது நல்லது. மறந்துபோகும் வாய்ப்பு அதிகமுள்ள பெயர் அதுதான். பதினைந்தாம் நாள் அமாவாசையன்று எள்ளும் நீரும் எடுக்கும் கைக்கு அருகில் அந்த ஏட்டுக்கட்டு இருக்கட்டும். பெயர் கேட்கப்படும்போது பேரன் படித்துச் சொல்வான்.